ஏணைக்குள் அரிசிப் பொட்டலம்

சுங்கை பூலோ
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் வசுந்தராவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகன் சிவேந்திரனும் என் குஞ்சுவும் முருகன் துணையில் நல்ல சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் உடம்புக்குத்தான் சுகம், மனதுக்கு இல்லை, அதனால் பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது என்ன அம்மா கடுதாசி என்று சிரிப்பாய். சிரி. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறார், குரல் பதிவு அனுப்பினால் ஹாலில் இருந்தபடியே கேட்டுவிட்டு யாருக்கு என்ன சொன்னாய் என்கிறார். அவர் காதில் விழாமல் உனக்கு ஒன்று சொல்ல இதுதான் வழி. எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு ஃபர்ஹானாவிடம் கொடுப்பேன், அவள் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவாள். பாதியில் நிறுத்தி அப்பாவைக் கூப்பிட்டுவிடாதே, கடைசி வரை படி.

முதலில் வீட்டு விஷயம். கிள்ளான் அத்தை ஜெயமாலா முழங்கால் வலியோடு ஊரெல்லாம் சுற்றி, தம்பியின் பேத்திக்குப் பெயர் வைக்கிறோம், நியூசிலாந்தில் இருந்து பிள்ளை வருகிறாள் என்று எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. அவள் வாயில் விழுந்தது பேப்பரில் வந்த மாதிரிதான். நான் பிரிக்பீல்ட்ஸ் போய் உனக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தேன், அளவு பழைய அளவுதான், கொஞ்சம் தளர்த்தி வைக்கச் சொன்னேன், பிள்ளை பெற்ற உடம்பு. பூண்டுப் பால் குடிக்கிறாயா? குளிர் என்று சாக்குச் சொல்லாமல் குடி. லாயத்துக்கு வேலைக்குப் போக அவசரப்படாதே, குதிரைகள் எங்கேயும் ஓடிவிடாது. அப்பா உன் பழைய அறைக்குத் தானே பெயிண்ட் அடித்தார், ஆள் வைக்கலாம் என்று சொன்னால் என் பேத்திக்கு நான் அடிக்கிறேன் என்று ஏணியில் ஏறி நின்றார், தலையிலும் மீசையிலும் மஞ்சள் புள்ளி. குஞ்சுவைப் போட்டு ஆட்ட ஸ்பிரிங் வைத்த ஏணைத் தொட்டிலும் கட்டியாகிவிட்டது, பின் ஜன்னல் பக்கம், காற்று வருமாம். அந்த ஏணையைப் பற்றித்தான் நான் எழுத வந்தது, கொஞ்சம் பொறுத்துக்கொள், தொடக்கத்தில் இருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

நீ அங்கே சிவப்புக் குதிரையைப் பழக்குவதை வீடியோவில் காட்டினாயே, பந்தை நீட்டுகிறாய், அது மூக்கால் தொடுகிறது, தொட்ட அந்த நொடியில் கையில் இருக்கும் சின்னப் பெட்டியை டிக் என்று அழுத்தி ஒரு துண்டு கேரட் கொடுக்கிறாய். சாட்டை இல்லை, அதட்டல் இல்லை. அடித்துப் பழக்கினால் பயம்தான் வளரும் அப்பா, எந்தச் செய்கைக்குத் தீனி கிடைக்கிறதோ அந்தச் செய்கைதான் வளரும் என்றாய். அந்த வீடியோவை உன் அப்பா எத்தனை தடவை போட்டுப் பார்த்தார் என்று எனக்குத்தான் தெரியும். கோயிலில் காட்டினார், தேத்தண்ணீர் குடிக்கிற ஒட்டுக்கடையில் காட்டினார், கறி வாங்கப் போன இடத்தில் கோழி வெட்டுகிறவனிடம் காட்டினார். ரயில்வேயில் காலமெல்லாம் சிக்னலோடு இருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்த மனுஷன், மகள் செய்கிற வேலையில் தனக்கும் ஒரு பங்கு கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

நம் வீட்டுக்குப் பின்னால் காடு, குரங்கு வருவது உனக்குத் தெரியாதது இல்லை. முன்பு அவர் கவண் வைத்து அடிப்பார், அது பல்லைக் காட்டும், இவரும் பல்லைக் காட்டுவார். ஒரு நாள் ஒன்று இவர் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போர்ச் கூரையில் ஏறியது. காது கிழிந்த பெரிய பெண் குரங்கு, அதற்குப் பிறகு நான் அதைப் பெரியவள் என்றுதான் சொல்வேன். இவர் கவணை எடுக்கவில்லை. சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அது கண்ணாடியைக் கைவிட்ட அந்த நொடியில் பேனாவை டிக் என்று அழுத்தி ஒரு கை கச்சான் கடலை வீசினார். அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கைவிட்டது. அதற்கடுத்து இவர் வெளியே வந்து பேனாவைக் காட்டினாலே போதும், போட்டுவிடும். தாமான் குடியிருப்பு முழுக்க இதே பேச்சு. சீன வீட்டு அங்கிளின் செருப்பு வந்தது, முன் வரிசை வள்ளியம்மாவின் காதில் வைக்கும் மெஷின் வந்தது, யார் வீட்டில் எது போனாலும் ரத்தினம் சாரைக் கூப்பிடு என்றார்கள். இவரும் கச்சான் பொட்டலத்தோடு கிளம்பிவிடுவார், நடை கூட மாறிவிட்டது.

நான் படிக்காதவள் இல்லை, ஆனால் உன் மாதிரி மிருகங்களைப் படித்தவளும் இல்லை. எனக்குத் தெரிந்தது வீடு கூட்டிக்கொண்டே பார்த்ததுதான். முன்பு குரங்கு குப்பைத் தொட்டிக்கும் பலா மரத்துக்கும்தான் வரும். இப்போது தின்னவே முடியாததை எடுக்கிறது, துணிக் கிளிப், ரிமோட், மருந்துப் பெட்டி. அவை திருப்பிக் கொடுக்கப் பழகவில்லை பிள்ளை, எடுக்கப் பழகியிருக்கின்றன, எடுத்தால்தானே திருப்பிக் கொடுத்துக் கச்சான் வாங்க முடியும். இதை அவரிடம் சொன்னேன், உனக்குப் பொறாமை என்றார். அதிலும் இவர் செருப்புக்குக் கொஞ்சம் கொடுப்பார், போனுக்கு நிறையக் கொடுப்பார். ஃபர்ஹானா வேலை விசாவில் வந்தவள், கோயம்புத்தூர்ப் பக்கம், கைக்குழந்தையோடு கஷ்டப்படுகிறாள். அவள் பிள்ளையைத் தள்ளுவண்டியில் போர்ச்சில் வைத்திருந்தபோது பெரியவள் இறங்கி வந்து பிள்ளையின் காலில் இருந்த சப்பாத்தை மெதுவாக உருவிக்கொண்டு போனாள். ஃபர்ஹானா அலறிய அலறலில் நான் கரண்டியோடு ஓடினேன். உன் அப்பா, பாவம் குழந்தைப் பொருள் என்று, அன்றைக்கு முழு வாழைப்பழம் கொடுத்தார். ஃபர்ஹானா என்னிடம் ஒன்று சொன்னாள், அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. "ஆன்டி, அது ஷூவப் பார்க்கல. ஷூவக் கையில வச்சுக்கிட்டு என் மூஞ்சியத்தான் பார்த்துச்சு." நாம் எதற்கு அதிகமாகக் கத்துகிறோம் என்று அவை பார்க்கின்றன வசு. அதற்குத்தான் அதிகம் கிடைக்கிறது. இப்போது ஃபர்ஹானா பிள்ளையைப் பகலில் ரவாங்கில் தெரிந்த வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள், ஜன்னலே திறப்பதில்லை.

நீ கேட்பாய், நான்தான் போனில் சொன்னேனே, தீனியை அடியோடு நிறுத்துங்கள், முதலில் தொல்லை கூடும், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பிறகு தானே விட்டுவிடும் என்று. சொன்னாய், அவரும் நிறுத்தினார். நீ சொன்ன மாதிரியே கூடியது. கூரை ஓடுகளைப் பெயர்த்தன, கிரில்லைப் பிடித்து ஆட்டின, துணிக் கம்பியை அறுத்தன, தாமான் ஆட்கள் வாசலில் வந்து நின்று சார் என்ன இது என்றார்கள். இவரால் பொறுக்க முடியவில்லை. பெரியவள் கிரில்லை உலுக்கி உலுக்கி முகத்துக்கு நேரே கத்திக்கொண்டிருந்தபோதுதான் இவர் கச்சானை வீசினார், அதுவும் இரண்டு கையாலும். எவ்வளவு உலுக்கினால் கிடைக்கும் என்று இப்போது அதற்குத் தெரியும். உன்னிடம் அவர், எல்லாம் அடங்கிவிட்டது மகள், மெத்தட் வேலை செய்கிறது என்று சொன்னார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தேன், மாப்பிள்ளையும் லைனில் இருந்தார், அவர் முன்னால் உன் அப்பாவைப் பொய்க்காரர் ஆக்க மனம் வரவில்லை.

இனி ஏணை. வெறும் ஏணையை ஆட்டக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்பது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. உங்கள் தலைமுறைக்கு இதெல்லாம் பகிடி, ஆனால் எனக்கு மனம் கேட்காது. ஸ்பிரிங் சரியாக இழுக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கவும் வேண்டும், வெறுமையாக விடவும் கூடாது. அதனால் ஒரு அரிசிப் பொட்டலத்தை நீ அனுப்பிய மஞ்சள் போர்வையில் பிள்ளையைச் சுற்றுகிற மாதிரி சுற்றி உள்ளே படுக்க வைத்தேன். அதே மாதிரிப் போர்வையில்தானே குஞ்சுவும் அங்கே படுத்திருக்கிறாள், படத்தில் பார்த்தேன். போகிற வருகிற நேரமெல்லாம் அந்தப் பொட்டலத்தை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவேன், ஒரு நாள் தாலாட்டும் பாடினேன், சிரிக்காதே, எனக்கு அவ்வளவு ஆசை. போன வாரம் நான் சமையலில் நிற்கும்போது அறையில் ஸ்பிரிங் கிறீச் என்றது. அவர்தான் ஆட்டுகிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அவர் போர்ச்சில் இருந்து என்னைக் கூப்பிடுகிறார். போனேன். போர்ச் கூரை விளிம்பில் பெரியவள் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் மஞ்சள் போர்வை. தன் குட்டியைப் பிடிக்கிற மாதிரி நெஞ்சோடு பிடித்திருந்தாள், அதுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கத்தினேன், அரிசிதான் என்று தெரிந்தும் கத்தினேன் பிள்ளை. அவள் பொட்டலத்தை விளிம்புக்கு வெளியே நீட்டிக் கையை விட்டாள். கீழே சிமெண்டில் விழுந்து வெடித்தது. உன் அப்பாவின் கட்டை விரல் பேனாவை அழுத்தியது.

டிக் என்ற அந்தச் சத்தம் கேட்டதும் நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, பழகிய விரல், மூளைக்கு முன்னால் போய்விட்டது. கச்சானையும் வீசிவிட்டுத்தான் நின்றார். நான் அரிசியைக் கூட்டி அள்ளும்போது இனியாவது புரியும் என்று நினைத்தேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டு நெடுநேரம் யோசித்தார், பிறகு என்னிடம் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தப்பு அதுங்க மேல இல்ல, என் பயிற்சில. கைய விடத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன், இறக்கி வைக்கச் சொல்லிக் குடுக்கல. வசு வர்றதுக்குள்ள மெதுவா இறக்கி வைக்கப் பழக்கிருவேன், நீ பயப்படாத லா." அன்று முதல் காலையில் இதுதான் நடக்கிறது. பின் ஜன்னல் கிரில்லைத் திறந்து வைக்கிறார், புது அரிசிப் பொட்டலத்தை அதே போர்வையில் சுற்றி ஏணையில் வைக்கிறார், முன்னால் போய்ப் பாயை விரித்துப் பேனாவோடு உட்காருகிறார். அவள் ஜன்னல் வழியாக வருகிறாள், ஏணையில் இருந்து எடுக்கிறாள், கூரை சுற்றிக் கொண்டுபோகிறாள். உயரத்தில் இருந்து போட்டால் ஒன்றும் கிடையாது, தாழ இறங்கி விட்டால் கொஞ்சம், பாய்க்குப் பக்கத்தில் விட்டால் இன்னும் கொஞ்சம். உன் அப்பா என்ன பழக்குகிறார் என்று நீயே சொல். நான் ஏணையை அவிழ்த்து அலமாரியில் வைத்தேன், மறுபடி கட்டிவிட்டார். வனவிலங்கு ஆபீசில் நான் சொல்லி, குரங்கு பிடிக்கிற கூண்டு கொண்டுவந்து வைத்தார்கள், அதன் கதவை இவர் கம்பி போட்டுக் கட்டிவைத்தார், தாய்க்காரியைப் பிடித்துக்கொண்டு போனால் குட்டி என்ன செய்யும் என்று என்னிடமே கேட்கிறார். அவருக்கு இரக்கம் அதிகம், அது உனக்கும் தெரியும், அதைப் பார்த்துத்தான் நானும் இவ்வளவு காலம் இவரோடு இருக்கிறேன். அதே இரக்கத்தைக் கண்டு இப்போது பயப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குஞ்சுவைக் காட்டிக்கொண்டிருந்தாயே, பாதியில் நான் ஏன் போனை வைத்தேன், கோபமா அம்மா என்று கேட்டு எழுதியிருந்தாய். கோபம் இல்லை. நீ மஞ்சள் போர்வையில் அவளைத் தூக்கிப் பிடித்தாய், அவள் சிணுங்கினாள், எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தலையை நிமிர்த்தினேன், கிரில்லுக்கு வெளியே பெரியவள் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் வைத்தேன்.

அதனால் சொல்கிறேன், எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நீ குஞ்சுவை இங்கே கொண்டு வராதே. உன்னைப் பெற்றவள் என் பேத்தியைக் கொண்டு வராதே என்று எழுதுகிறேன் என்றால் அது எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள். ஜன்னலைப் பூட்டிக்கொள்ளலாம், நான் பக்கத்திலேயே இருப்பேன், ஏணையில் போடாமல் கட்டிலில் போடலாம் என்று எல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டேன். விருந்தாளி வருகிற வீடு, கதவு திறந்துதான் இருக்கும், யாராவது ஒருவர் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போவார், யாராவது பிள்ளையைக் கீழே கிடத்துவார். குரங்குகளுக்கு அவசரமே இல்லை, கூரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கின்றன. கிள்ளானில் அத்தை வீட்டில் வைக்கலாமே என்பாய், தன் கையால் பெயிண்ட் அடித்த அறைக்கு வராமல் பேத்தி அங்கே போனால் உன் அப்பா ஏன் என்று கேட்பார், காரணம் சொன்னால் உடைந்துபோவார். பிள்ளைக்கு ஊசி போட்டிருக்கிறது, இப்போது பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லு. பொய்தான், பாவம் என் தலையில். அத்தையின் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன். பெயரை அங்கேயே கோயிலில் வையுங்கள், காதில் மூன்று தடவை சொல்லும்போது போனை அவள் காதுப் பக்கம் வை, நானும் சொல்கிறேன். என் பாஸ்போர்ட் வேலையை ஃபர்ஹானா பார்த்துக்கொண்டிருக்கிறாள், பிளேனைக் கண்டால் பயம் என்று இத்தனை வருஷம் சொன்னவள் நான், அந்தப் பயம் எல்லாம் இப்போது எங்கே போனது என்று தெரியவில்லை. நான் வந்து தூக்கிக்கொள்கிறேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். மருமகனுக்கு இரவு வேலை என்றால் சாப்பாட்டை மூடி வை, ஆறினதைத் தின்ன விடாதே. குஞ்சுவின் நெற்றியில் என் பெயரைச் சொல்லி ஒரு முத்தம் வை, தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. நீயும் உன் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். டிக்கெட்டை மாற்றுவதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதே.

இப்படிக்கு
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா
குணபூசணி

கையெழுத்துப் போட்டு மடிக்கும்போது அப்பா போர்ச்சில் இருந்து சத்தமாகக் கூப்பிட்டார், போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன். பெரியவள் தரை வரைக்கும் இறங்கி வந்திருக்கிறாள். பொட்டலத்தை நெஞ்சோடு கொண்டுவந்து பாயில் படுக்க வைத்தாளாம், ஒரு அரிசி சிந்தவில்லை. உன் அப்பா அழுதுகொண்டிருந்தார், சந்தோஷத்தில், வசுவிடம் சொல்லு, வசுவிடம் சொல்லு என்றார். கச்சானைத் தின்று முடித்ததும் அவள் ஓடிப்போய்விட்டாள் என்று அவர் நினைத்தார். உள்ளே ஸ்பிரிங் சத்தம் கேட்டு நான் அறைக்கு ஓடினேன். அவள் ஜன்னலில் உட்கார்ந்து ஏணைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு கையால் துணியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கண்டதும் மெதுவாக இறங்கிப் போனாள். வெறும் ஏணை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது வசு, நான்தான் போய் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினேன்.